பொத்தைக்குப் பின்னால் ஒரு வீடு: ஆச்சிக்கு எந்த இணைப்பு?

போன ஐப்பசியில், மழை பிடித்திருந்த ஓர் இரவில், ஆச்சி புறவாசல் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் செருகியிருந்த அலைபேசியை எடுத்து என் எண்ணை நான்கு முறை அழுத்தியிருக்கிறார். ஒன்றுகூட எனக்கு வந்து சேரவில்லை. பக்கத்து வளவில் மாட்டைப் பார்க்க வந்தவர் முனகல் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கி உட்கார வைத்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. மறுநாள் காலையில் பாளையங்கோட்டையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி முதலில் கேட்டது, நான் ஏன் போனை எடுக்கவில்லை என்பதைத்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலைக்குள் குடும்பத்தார் எல்லோரும் யோசனை சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை, சுரங்க ரயிலில்கூடத் தனக்குப் பேச்சு அறுவதில்லை, ஆச்சியை நல்ல கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள் என்றாள். துபாயில் இருக்கும் சித்தப்பா, பாலைவனத்து நடுவில்கூட டவர் கிடைக்கிறது, தை மாதம் வரும்போது ஒரு செயற்கைக்கோள் போன் வாங்கி வருகிறேன் என்றார். மெல்போர்னுக்கு வெளியே இருக்கும் அத்தான், சிக்னல் பூஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார். மூவருக்கும் ஆச்சி மேல் உயிர். ஆனால் மூவரும் தாங்கள் நிற்கும் நிலத்தை வைத்துப் பேசினார்கள்; ஆச்சி படுத்திருக்கும் அறையை வைத்து அல்ல.

அடுத்த மூன்று சனி, ஞாயிறுகளை நான்கு நிறுவனங்களின் சிம்களோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும், பொத்தை என்று நாங்கள் சொல்லும் சிறு பாறைக் குன்றுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் கழித்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் தனியாக ஊரில் என்று இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் தெருவுக்குப் பத்து இருக்கின்றன. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று நாடுகளைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா 164 மீட்டர்கூட இல்லை. நம் அகத்தியர்மலை 1,868 மீட்டர். சிறிய நிலம், நெருக்கமான மக்கள், நடந்துபோகும் தூரத்தில் அடுத்த நிலையம். கட்டட உரிமையாளர்கள் அலைபேசிக் கருவிகளுக்கு இடம் தர வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. சுரங்கத்துக்குள் அலையைக் கசிய விடுவதற்கென்றே கேபிள் ஓடுகிறது. தங்கைக்குப் பேச்சு அறாமல் இருப்பதற்குக் காரணம் நெருக்கமும் விதியும். அவள் சொல்லும் “நல்ல கம்பெனி” அதற்குப் பிறகுதான் வருகிறது.

சித்தப்பாவின் பாலைவனம் வேறு கதை. தடுக்க எதுவும் இல்லாத வெளியில் 40 மீட்டர் உயரக் கோபுரத்தின் அலை, பூமியின் வளைவு மறைக்கும் வரை, ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தரையோடு போகும். அது நமக்குப் புதிதல்ல. திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் நின்று பாருங்கள். உவரியில் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் கேளுங்கள். கரை கண்ணுக்கு மங்கிய பிறகும் பேச முடிகிறது என்பார்கள். டவரின் அலையைக் கடல் தடுப்பதில்லை. பழைய 2ஜி-யில் மட்டும் 35 கிலோமீட்டருக்கு மேல் வழக்கமான முறையில் பேச முடியாது. அலை போய் வர எடுக்கும் நேரத்துக்கு அந்தத் தொழில்நுட்பம் அவ்வளவுதான் இடம் விட்டிருக்கிறது.

ஐந்திணையும் உள்ள சீமை என்று நெல்லையைச் சொல்கிறோம். டவர் விஷயத்தில் இது எனக்கு நேரடியாகவே பொருந்தி வந்தது. உவரியின் நெய்தலிலும் தேரியின் பாலையிலும் துபாய் இருக்கிறது. தாமிரபரணிக் கரை வயல்வெளி மருதம். சாலையோரக் கோபுரம் ஒன்று இரண்டு ஊர்களுக்குப் போதும். மேற்கே மலையேறினால் எல்லாம் மாறிவிடும். ஒரே மாவட்டத்துக்குள் ஒரே நிறுவனம் ஓரிடத்தில் முதலிடத்திலும் பத்து மைல் தள்ளிக் கடைசி இடத்திலும் இருக்கும்போது, நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு ஆச்சிக்கு சிம் வாங்குவதில் அர்த்தமில்லை.

அத்தானின் நாட்டிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் பெரிய நிறுவனங்கள் மக்களில் 98, 99 சதவீதம் பேருக்குச் சேவை எட்டுகிறது என்று சொல்கின்றன. அது பொய்யில்லை. ஆனால் நிலப்பரப்பில் பெரும்பகுதிக்கு எட்டுவதில்லை, ஏனென்றால் மக்கள் கடற்கரை நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். நம் ஊர் விளம்பரத்தில் சதவீதத்தைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: ஆளைக் கணக்கிட்டதா, நிலத்தைக் கணக்கிட்டதா? பொத்தைக்குப் பின்னால் இருக்கும் நாற்பது வீடு எந்தச் சதவீதத்தையும் அசைக்காது.

பிரிட்டன் இந்த நிலக் கணக்கை நேரே எடுத்துக்கொண்டது. 2020-இல் அரசும் நான்கு நிறுவனங்களும் சேர்ந்து 100 கோடி பவுண்டில் கிராமப்புறத்துக்கான பகிர்வுத் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டன. இலக்கு, நிலப்பரப்பில் 95 சதவீதம். எட்டாத இடங்களில் நான்கு பேரும் தனித்தனியாகக் கோபுரம் கட்டாமல் பகிர்ந்துகொள்வது அதன் அடிப்படை. நம் நாட்டில் இரும்புக் கோபுரத்தைப் பகிர்வது பழைய வழக்கம். ஆனால் ஒரு நிறுவனத்தின் கோபுரத்தில் இன்னொரு நிறுவனத்தின் சிம் ஒட்டிக்கொள்வது அபூர்வம். அரசு நிதியில் கட்டிய கோபுரங்களில் மட்டும் இதற்கு 2025 ஜனவரியில் வழி திறந்தார்கள். நல்ல தொடக்கம். எல்லாக் கோபுரத்துக்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை. வந்திருந்தால் அன்றிரவு ஆச்சியின் அழைப்பு போயிருக்கலாம்.

இந்தியாவுக்கென்று இன்னொரு விதியும் உண்டு. கோபுரத்தின் கதிர்வீச்சுக்குச் சர்வதேச வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இங்கே அனுமதி. 2012 செப்டம்பர் 1 முதல் அப்படி. சுவிட்சர்லாந்திலும் வீடுகள் இருக்கும் இடங்களில் கடுமையான வரம்புதான். மலைநாடான அது சமாளிப்பது, நிலையங்களை அதிகமாக வைத்து. இங்கேயோ, புதிதாக ஒரு கோபுரம் வருகிறது என்றாலே ஊர் கூடித் தடுப்பதைப் பார்க்கிறோம். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் கோபுரம் தொலைவில் இருந்தால் நம் கையில் இருக்கும் போன்தான் அதிகச் சக்தியோடு கத்த வேண்டியிருக்கிறது என்பதையும் ஊர்க்கூட்டத்தில் யாராவது சொல்ல வேண்டும்.

அலை எப்படிப் பொத்தையைத் தாண்டுகிறது

எங்கள் ஆச்சி வீடு அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. பிரதான சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பொத்தை. கோபுரங்கள் எல்லாம் சாலைப் பக்கம். பொத்தையின் நிழலில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. வெயிலுக்கு நிழல், அலைக்கும் நிழல்.

அலைகளில் குறைந்த அதிர்வெண் கொண்டது தூரம் போகும், மேட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும், சுவரையும் ஓரளவு துளைக்கும். அதிக அதிர்வெண் வேகமான இணையத்தைத் தரும். ஆனால் மேட்டைக் கண்டால் நின்றுவிடும். வெட்டவெளியிலேயே அதிர்வெண் இரட்டித்தால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒரு பங்காகிறது. மேடும் மரமும் சுவரும் குறுக்கே வந்தால் வித்தியாசம் அதைவிடப் பெரிது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நமக்கு உதவும். 2300, 3500 அலைகள் நகரத்துக்கு ஏற்றவை.

ஜியோ 4ஜி-க்கு 850-ஐயும் 5ஜி-க்கு 700-ஐயும் கையில் வைத்திருக்கிறது. ஆனால் அதனிடம் 2ஜி, 3ஜி கிடையாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) இரண்டும் 900-ஐ வட்டத்துக்கு வட்டம் (தொலைத்தொடர்புக்காகப் பிரித்த பகுதி, பெரும்பாலும் ஒரு மாநிலம்) வேறுபட்ட அளவில் வைத்திருக்கின்றன. இரண்டிலும் 2ஜி இன்னும் ஓடுகிறது. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பர் 27-இல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி-யை முறைப்படி தொடங்கியது. 700-உம் 2100-உம் அதற்குரியவை, 2ஜி-யும் உண்டு. ஒரு நிறுவனத்திடம் குறைந்த அலை இருக்கிறது என்பதற்காக உங்கள் ஊர்க் கோபுரத்தில் அதை ஏற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது எல்லா நிறுவனங்களும் தங்கள் சேவை எல்லையை வரைபடமாக இணையத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டாயமாக்கியிருக்கிறது. பார்த்தேன். வரைபடத்தில் எங்கள் ஊர் முழுவதும் வண்ணம் பூசியிருக்கிறது. வரைபடம் தெருவில் நிற்கிறது, வீட்டு முன்கூடமான தார்சாவுக்குள் வருவதில்லை.

அதனால் அளந்தேன். போனின் மேல்மூலையில் உள்ள கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் செய்தவர்கள் அவரவர் விருப்பப்படி வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற இடத்தில் கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். 4ஜி-யில் −85 என்றால் சுகம், −110-ஐத் தாண்டினால் பேச்சு தட்டுத் தடுமாறும், −118 என்றால் இல்லாததற்குச் சமம். பத்து எண் இறங்கினால் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். 2ஜி எண்ணையும் 4ஜி எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம், அளக்கும் முறை வேறு.

ஆச்சியின் பழைய சிம் தார்சாவில் −104, படுக்கையறையில் −118, புறவாசலில் ஒன்றுமில்லை. இரண்டாவது சிம் மட்டப்பாவில் (மொட்டை மாடியில்) −88 காட்டி என்னை மகிழ்வித்துவிட்டு அறைக்குள் −115-க்குப் போனது. மூன்றாவது, குறைந்த அலையில் ஒட்டிக்கொண்டு, படுக்கையறையிலேயே −101-இல் நின்றது. நான்காவது சிம்மில் இணையம் உருப்படியாக வரவில்லை, ஆனால் 2ஜி-யில் வீடு முழுக்கப் பேச முடிந்தது. எந்தச் சிம் எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. எங்கள் தெருவின் முடிவு உங்கள் தெருவில் தலைகீழாகும்.

நான்காவது சிம் எனக்கு ஒரு பழைய புதிரை அவிழ்த்தது. முன்பு பட்டன் போனில் எல்லாம் நன்றாகக் கேட்டது என்று ஆச்சி சொல்லும்போது நான் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆச்சி சொன்னது சரி. 900 அலையில் பேசும் 2ஜி போன் 2 வாட் வரை சக்தியோடு அனுப்பும்; 4ஜி போன் வழக்கமாக 0.2 வாட்தான். கோபுரம் பேசுவது நமக்குக் கேட்டாலும் நாம் பேசுவது கோபுரத்துக்குக் கேட்க வேண்டுமே. மலையடிவாரத்தில் பெரும்பாலும் அறுவது இந்தத் திரும்பும் வழிதான்.

இன்னொன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. வெக்கை தாங்கவில்லை என்று மட்டப்பாவின் மேல் தகரக் கூரை போட்டிருந்தார்கள். பொத்தை உச்சியில் வளைந்து வருகிற அலை மேலிருந்துதான் இறங்குகிறது, அதைத் தகரம் வழிமறித்துவிட்டது. கூரை விளிம்புக்கு வெளியே நின்றதற்கும் உள்ளே நின்றதற்கும் 14 எண் வித்தியாசம். சாரல் காலத்தில் நனைந்த தென்னையும் வாழையும் இன்னும் கொஞ்சம் தின்னும். மழைத்துளியைப் பலரும் குற்றம் சொல்கிறார்கள். இந்த அதிர்வெண்களில் மழை பெரிய தடையே இல்லை, ஈர இலைதான் தடை. மழையோடு வரும் மின்வெட்டு அதைவிட மோசம். கோபுரத்து மின்கலம் தீர்ந்தால் எந்த அலையும் இல்லை.

கையில் இருந்த வழிகள்

செயற்கைக்கோள் போனை உடனே தள்ளினேன். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்தில் சித்தப்பா சிக்கிக்கொள்வார். பூஸ்டரும் அப்படித்தான், அனுமதியில்லாமல் விற்பதும் வைப்பதும் சட்டவிரோதம், அதோடு அது கோபுரத்தின் காதில் இரைச்சலை ஊதி அக்கம்பக்கத்து வீடுகளின் பேச்சையும் கெடுக்கும். அத்தானிடம் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுவது தங்கையின் யோசனை. வசதி இருக்கிறது: 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு வரும், நான்கு நாள் செல்லுபடியாகும், வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். ஆனால் போன இடத்தில் 90 நாள் இருந்தாக வேண்டும். ஆச்சியின் ஓய்வூதியம், வங்கி, எரிவாயு எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. சோதிக்காமல் மாறிவிட்டு மூன்று மாதம் தவிப்பதைவிட, ஒரு புது சிம் வாங்கி வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது மேல். அதோடு, எந்த ஒரு நிறுவனத்துக்கு மாறினாலும் ஒரே கோபுரத்தை நம்பித்தான் இருப்போம். எனக்கு அதுதான் பெரிய குறை.

கண்ணாடி இழை இணைப்பும் வைஃபை வழி அழைப்பும் எனக்கு மிகவும் பிடித்த வழி. பொத்தையை அலை தாண்ட வேண்டியதில்லை. கம்பி சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. வாட்ஸ்அப் அழைப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வழக்கமான எண்ணுக்கு வரும் வழக்கமான அழைப்பு, வழி மட்டும் வைஃபை. சித்தப்பாவுக்கு இது முக்கியம், ஏனென்றால் அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சு தடுக்கப்பட்டிருக்கிறது. அவர் சாதாரண அழைப்பு போட்டாலும் ஆச்சியின் தலைமாட்டில் மணி அடிக்கும். குறை ஒன்றுதான்: மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். சிறிய யுபிஎஸ் ஒன்றை அதோடு சேர்த்தே வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய போனைக் கொடுப்பவர்கள், அதில் நம் நிறுவனத்தின் 4ஜி பேச்சும் வைஃபை அழைப்பும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அங்கே சிறந்த போன் இங்கே இணையத்துக்கு மட்டும் ஆகலாம்.

இரண்டாவது சிம் என்பது மலிவான வழி, அதைச் செய்யாமல் இருக்க நியாயமே இல்லை. ஆனால் அது வேறு நிறுவனமாகவும், முடிந்தால் வேறு கோபுரமாகவும் இருக்க வேண்டும். இரண்டு நிறுவனமும் ஒரே கோபுரத்தில் தொங்கினால், மின்கலம் தீரும்போது இரண்டும் சேர்ந்தே போகும். இரு சக்கர வண்டியில் போய்ப் பார்த்தேன்; நான்காவது சிம்மின் கோபுரம் பொத்தைக்குத் தெற்கே தனியாக நிற்கிறது.

இப்படி முடிவெடுத்தோம். பழைய எண் ஸ்மார்ட்போனில், வைஃபை அழைப்போடு, கட்டிலுக்குப் பக்கத்தில். நான்காவது சிம் பட்டன் போனில், ஆச்சியின் இடுப்பில். மூன்றாவது சிம் அந்த ஸ்மார்ட்போனின் இரண்டாம் துளையில், ரவுட்டர் படுத்துவிட்டால் துணைக்கு. 2ஜி எத்தனை காலம் ஓடும் என்பது என் கவலை. சிங்கப்பூரில் 2017-இல் போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் 2ஜி-க்குப் பின் 3ஜி-யையும் 2024-இல் மூடினார்கள், பழைய போன்கள் அவசர அழைப்புக்கும் ஆகாமல் போயின. நம் ஊரில் அந்த நாள் வருமுன் பொத்தைக்கு இந்தப் பக்கம் ஒரு குறைந்த அலைக் கோபுரம் வர வேண்டும்; ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம்.

ஆச்சிக்கு 112 அழுத்தவும் பழக்கினேன். சொந்த நிறுவனத்தின் கோபுரம் கிடைக்காவிட்டாலும் வேறு எந்தக் கோபுரம் கிடைத்தாலும் அவசர அழைப்பை அதன் வழியே அனுப்பப் போன் முயலும். அன்றிரவு இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, நான் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும்: கோடு முழுதாக இருக்கும், அழைப்பு போகாது. அது டவர் இல்லாத குறை அல்ல, கூட்டத்துக்குக் கோபுரம் போதாத குறை. அதற்கு நான் பார்த்த எந்த வழியும் மருந்தல்ல. அங்கிருந்து மேலே, காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கோ தேர்ந்தெடுக்கவே எதுவும் இருப்பதில்லை. புலிகள் காப்பகத்துக்குள் கோபுரமோ கம்பியோ போக வன அனுமதி வேண்டும். 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக மத்திய அரசு 2022 ஜூலையில் திட்டம் வகுத்தது. நான்கு சிம்மை வைத்துக்கொண்டு நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில், ஒரு சிம்முக்குப் பாறை ஏறி நிற்க வேண்டிய பிள்ளைகள் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கிணற்றடியில் மட்டும் இன்னும் சரியாகவில்லை. நான்காவது சிம்கூட அங்கே விட்டுவிட்டு வருகிறது, வைஃபை அடுக்களைச் சுவரோடு நின்றுவிடுகிறது. ஆச்சி விழுந்தது அங்கேதான். வரும் சனிக்கிழமை இரண்டாவது ரவுட்டரை அடுக்களை ஜன்னலில் வைத்துப் பார்க்கப் போகிறேன். அதுவரை இருட்டிய பிறகு கிணற்றடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ஆச்சி கேட்டபாடில்லை.